இரண்டும் இடது கால்

நடுவர் ஐயாவுக்கும், இரு அணியினருக்கும், இந்தக் குளிரில் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மாரியம்மனுக்குப் பொழுது சாயும்போதே வணக்கம் சொல்லியாயிற்று. பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நடுவர் கையில் இருக்கும் மணியைப் பார்த்தால் விடியக்காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு மேளம் எனக்கு ஞாபகம் வருகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"மலையகக் குடும்பத்தை நிமிர்த்தியது தாயின் உழைப்பா, தந்தையின் உழைப்பா?" இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து வீடுகளைப் பற்றிய இந்தப் பட்டிமன்றத்தில் இதுதான் தலைப்பு. நான் தந்தை அணி.

மேடையைக் கொஞ்சம் பாருங்கள். தாய்க்காகப் பேச வந்த மூன்று பேரும் மீசை வைத்தவர்கள். தந்தைக்காகப் பேச வந்த எங்களில் இரண்டு பேர் சேலை கட்டியவர்கள். அண்ணன்மார் மூவரும் அம்மாவின் உழைப்பை நினைத்து நினைத்து உருகினார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக்கூடத் துடைத்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அண்ணே, இன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வைத்த கோப்பையை யார் கழுவியது? அந்தக் கைக்குட்டையை யார் துவைத்தது? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். அண்ணி கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. என் அம்மா முன்வரிசையில் இருக்கிறார். எதிரணித் தலைவர் பேசும்போது முதல் கைதட்டு அங்கிருந்துதான் வந்தது. பெற்ற தாயே எதிரணிக்குக் கை தட்டுகிற நிலையில் பேசும் பாவம் இந்த மேடையில் எனக்கு மட்டும்தான்.

எதிரணித் தலைவர் சொன்னதில் பாதி உண்மை, மறைக்க மாட்டேன். விடிய நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, அந்தி வரை மலையில் நின்றது அம்மாதான். ஒரே தோட்டத்தில் நின்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் 1984 வரை ஒரே சம்பளம் இல்லை என்றார். உண்மை. அம்மாவின் சம்பளத்தையும் அப்பாவே போய்க் கைநாட்டு வைத்து வாங்கினார் என்றார். பல வீட்டில் அதுவும் நடந்தது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று நேற்று ராத்திரி எங்கள் அணி கூடி யோசித்தது. மூன்று தடவை சாயத்தண்ணி குடித்தோம். பதில் கிடைக்கவில்லை. ஆகவே அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

"தேயிலைப் பெட்டியைப் பாருங்கள், கூடையோடு சிரிப்பது யார்? அம்மாதானே!" என்று கேட்டார். நானும் பார்த்தேன். சில பெட்டியில் கூடையோடு அம்மா. சில பெட்டியில் வாளோடு சிங்கம். சிங்கத்துக்குக் கிடைத்த இடம்கூட அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? அப்பாவைப் படம் போட்டால் தேயிலை விற்காது. தேயிலைக் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பச்சை ஒரு பொட்டு இருக்காது. மொட்டைக் குச்சியும் பாசியுமாக மலை முழுக்க ஏதோ தீப்பிடித்து அணைந்த மாதிரி கிடக்கும். அதன் நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கையில் பளபளவென்று கத்தியோடு ஓர் ஆள். அந்தப் படத்தைப் பெட்டியில் போட்டால் வெள்ளைக்காரன் தேத்தண்ணி குடிப்பானா, பொலிசைக் கூப்பிடுவானா?

ஆனால் ஒன்றை யோசியுங்கள். தேயிலை உண்மையில் மரம். வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கு மேலும் போகும். மூன்று நாலு வருடத்துக்கு ஒரு தடவை அப்பா கவ்வாத்துக் கத்தியோடு போய், கிளைக்கு ஒரு வெட்டு, அதுவும் சாய்வாக ஒரே வெட்டு வெட்டுவார். இரண்டாவது வெட்டு விழுந்தால் கிளை பிளந்து, மழைத்தண்ணி இறங்கி அழுகிவிடும். அப்படி ஆயிரமாயிரம் வெட்டு. அதனால்தான் கொழுந்து அம்மாவின் இடுப்பு உயரத்தில் துளிர்க்கிறது. அம்மாவின் கை எட்டுகிற இடத்துக்குக் கொழுந்தை இறக்கிக் கொண்டுவந்தது யார்?

கைதட்டுக்கு நன்றி. அம்மா மட்டும் தட்டவில்லை, கவனித்தேன். தர்க்கம் என்று நான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது இவ்வளவுதான். நடுவர் ஐயா குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு இந்தப் பந்தலே சிரித்தது. மைக் செட்காரத் தம்பிகூடச் சிரித்தார். "மலையகத்து அப்பாவைத் தேடுகிறீர்களா? சம்பள நாளன்று தவறணையில் போய்த் தேடுங்கள்!"

சரி அண்ணே. அந்தச் சாராயக் கடையிலேயே தேடுவோம். வாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

1991 தீபாவளி. தோட்டமெல்லாம் அப்போது அரசாங்கத்தின் கையில். கம்பெனிகள் வந்தது அடுத்த வருடம்தான். எனக்குப் பத்து வயது. தை மாதம் பிறந்தால் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு. தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கால் போதும், பாதிப் பேர் அப்படித்தான் போனோம். டவுனுக்கு வெள்ளைச் சப்பாத்து வேண்டும். பாடப் புத்தகத்தை 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தந்தது. தலைக்குள்ளே போவது அரசாங்கத்தின் பொறுப்பு, காலுக்குக் கீழே போடுவது அப்பாவின் பொறுப்பு.

தீபாவளி முற்பணம் கையில் வந்தது. சப்பாத்து வாங்க அப்பா அட்டனுக்குப் புறப்பட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனால் பஸ் காசு இரண்டாகும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அடுப்படியில் கிடந்த மிலாற்றில், அதாவது கவ்வாத்தில் விழுந்த தேயிலை விறகில், நேரான குச்சி ஒன்றை எடுத்தார். என்னை முன்வாசல் இஸ்தோப்பில் நிற்க வைத்து, காலுக்குப் பக்கத்தில் குச்சியைப் போட்டு, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை பார்த்துக் கத்தியால் ஒரு வெட்டு. என் கால் நீளத்துக்கு ஒரு தேயிலைக் குச்சி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அட்டனில் தீபாவளிக்கு முந்தின நாள் எப்படி இருக்கும்! கால் வைக்க இடம் இருக்காது. மழை வேறு. நடைபாதையில் ஒரு வியாபாரி, தலைக்கு மேலே பொலித்தீன், முன்னால் சப்பாத்துக் குவியல். அப்பா குச்சியை எடுத்து ஒரு சப்பாத்துக்குள் விட்டார். அச்சாகப் பொருந்தியது. "இதோட சோடி" என்றார். வியாபாரி குவியலுக்குள் கையை விட்டு, இன்னொன்றை இழுத்து, பேப்பரில் சுற்றி, நூலால் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த மழையில் யார் பிரித்துப் பார்ப்பது?

ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். குப்பி லாம்பு வெளிச்சத்தில் பார்சலைப் பிரித்தோம். வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் இடது காலைப் போட்டேன். அளவு சரி. எல்லோருக்கும் சந்தோஷம். வலது காலைப் போட்டேன்.

"அப்பா, இது வெளியே பார்க்குதப்பா."

"திருப்பிப் போடு புள்ள."

"திருப்பித்தான் போட்டேன்."

"கால மாத்திப் பாரு."

மாற்றினேன். இப்போது அந்தக் கால் சரி, இந்தக் கால் வெளியே பார்த்தது. அப்பா தன் கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமா வாங்கித் தட்டிப் பார்த்தார். எங்கள் அப்பாயி ஒரு மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "புதுச் சப்பாத்துன்னா அப்பிடித்தான் இருக்கும். போடப் போடக் காலு பழகிக்கும்." அப்பாயி வாழ்நாளில் சப்பாத்துப் போட்டதே இல்லை. கடைசியில் அம்மா இரண்டையும் வாங்கி விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"ஏங்க, ரெண்டும் எடது காலுங்க."

அந்த லயத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அதிலும் ஒன்று, மற்றதைவிட ஒரு நம்பர் பெரிசு.

விடிந்தால் தீபாவளி. தோட்டம் முழுக்கக் கதை பரவிவிட்டது. யார் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனாலும் "ரெண்டும் எடது காலாமே?" என்றுதான் வரவேற்பு. அன்றிலிருந்து அப்பாவுக்குத் தோட்டத்தில் 'இடதுசாரி' என்று பட்டம். விஷயம் தெரியாத தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் உண்மையாகவே வீட்டுக்கு வந்து, "நீங்க அந்தக் கட்சியா? சந்தாவ வெட்டப் போறீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

ஐயா, முதல் மணியா? அடியுங்கள், பரவாயில்லை. ஆள் இன்னும் தவறணைக்கே போகவில்லை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா அட்டனுக்குப் போனார். வியாபாரி இல்லை. தீபாவளிக்கு மட்டும் வந்த கடை, காலியாகக் கிடந்தது. பக்கத்தில் சீப்பு, கண்ணாடி விற்கிற அம்மா சொன்னார்: "ஒங்களுக்கு முன்னால இன்னொருத்தரும் வந்தாருங்க. அவர் கையில ரெண்டும் வலது காலு. மஸ்கெலியாப் பக்கம்னாரு."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் என்ன செய்வார்கள்? சரி போகட்டும், பொங்கலுக்கு வேறு வாங்கலாம் என்பார்கள். என் அப்பா இரண்டு சப்பாத்தையும் நாடாவால் சேர்த்துக் கட்டிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார்.

லயம் லயமாகப் போனார். வாசலில் நின்று என்னவென்று கேட்பது? யோசித்துப் பாருங்கள். "ஒங்க வீட்டுல ரெண்டு வலது காலு இருக்கா?" நாய் அவிழ்த்து விட்டார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் பயந்து கதவைச் சாத்தின. ஒரு வீட்டில் இவர் சப்பாத்து விற்க வந்தவர் என்று நினைத்து ஓர் அக்கா விலை பேச ஆரம்பித்துவிட்டார். பாதி விலைக்குக் கேட்டார். அப்பா சொன்னார், "இல்ல தங்கச்சி, இது ரெண்டும் எடது காலு." அந்த அக்கா உடனே, "அதாண்ணே பாதி விலைக்குக் கேக்குறேன்" என்றாராம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஒரு வேலை நாளும் போயிற்று. அம்மா கத்தினார்: "ஒரு பேர விட்டுட்டு எவனோ ஒருத்தன் காலத் தேடிக்கிட்டுத் திரியிறீங்களே!" பேர் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்த நடுவருக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை ஒரு பேர். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர் போட்டால்தான் அன்றைக்குச் சம்பளம்.

அப்பாவுக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எல்லா லயத்துக்கும் போக முடியாது. எல்லா லயத்து ஆம்பளைகளும் ஒரே இடத்துக்கு வரும் நாள் ஒன்று உண்டே! அது எந்த நாள்? அது எந்த இடம்?

அண்ணே, நீங்களே சொன்னீர்களே!

சம்பள நாள். சாயங்காலம். மஸ்கெலியா ரோட்டில் ஒரு தவறணை. வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனிதன், கழுத்தில் சப்பாத்து மாலையோடு உள்ளே நுழைகிறார். நடுவில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்கிறார்: "யாருகிட்டயாவது ரெண்டும் வலது காலா சப்பாத்து இருக்குதுங்களா?"

தவறணை அமைதியானது. ஒருவர் தன் கிளாசை எடுத்துப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "இன்னையோட நிறுத்திர்றேன் சாமி" என்றார். இன்னொருவர், "நம்மள்லாம் என்னாத்தக் குடிச்சோம்? இந்த ஆளு குடிச்சதக் கேட்டு வாங்குங்கடா!" என்றார்.

மூலை வாங்கில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாக எழுந்தார். கால் தள்ளாடியது. மடியில் ஒரு பேப்பர் பார்சல். அதைப் பிரித்தார்.

ரெண்டும் வலது காலு!

நடந்ததைச் சொல்கிறேன். அந்த மனிதரின் மனைவி, "எடது காலு இல்லாம வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லியிருக்கிறார். அவரும் நாள் பூராவும் தேடி அலுத்துப்போய், அந்தச் சோகத்தில்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதாவது இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் இரண்டு வாரமாகத் தேடியிருக்கிறார்கள். ஒருவர் மேல் டிவிசனில் ஏறும்போது மற்றவர் கீழ் டிவிசனில் இறங்கியிருக்கிறார். கண்டதும் அவர் அப்பாவைக் கட்டிப் பிடித்து அழுதாராம். தவறணையே எழுந்து நின்று கை தட்டியதாம். இங்கே நீங்கள் தட்டியதைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். சட்டை முழுக்கச் சாராய வாசம். அம்மா வாசலிலேயே மறித்தார்.

"ஊதுங்க."

"என்னா?"

"வாய ஊதுங்கங்கறேன்!"

அப்பா ஊதினார். வெற்றிலை வாசம்தான் வந்தது. அம்மா சட்டையை மோந்தார். மறுபடி வாயை மோந்தார். கணக்கு உதைத்தது. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு அம்மாவுக்குத் தீரவில்லை. பாருங்கள், இப்போதும் தலையை ஆட்டுகிறார்.

ஆகவே அண்ணே, சம்பள நாளன்று தவறணையில் அப்பாவைத் தேடச் சொன்னீர்கள். தேடினேன். ஒருவருக்கு இருவர் கிடைத்தார்கள். குடிக்காத அப்பா கழுத்திலும் பிள்ளையின் சப்பாத்து. குடித்த அப்பா மடியிலும் பிள்ளையின் சப்பாத்து!

(தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள் தம்பி. சாதாரணத் தண்ணீர்.)

சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையை இருபது வருடம் எங்கள் வீட்டில் இந்த இடம் வரைக்கும்தான் சொல்லிச் சிரிப்போம். இதற்கு மேல் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டு சோடியையும் கலந்துவிட்டான் வியாபாரி என்று புரிந்திருக்கும் அல்லவா? ஒரு சோடி சின்னது, ஒரு சோடி ஒரு நம்பர் பெரிசு. மாற்றிக்கொள்ளும்போது யாருக்கு எது? தவறணையிலிருந்து அப்பா அந்த மாமாவைத் தோளில் சாய்த்து, அவர் லயத்துக்கே கொண்டுபோய் விட்டார். அங்கே அந்தப் பிள்ளை, என் வயதுதான், தீபாவளியன்று ஆசையில் இரண்டு வலது காலையும் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். இடது கால் விரலெல்லாம் தோல் உரிந்து புண். அவள் காலுக்கும் சின்னச் சோடிதான் அளவு. என் குச்சி அப்பாவின் பையில்தான் இருந்தது. அதை எடுத்து அளந்து பார்க்கவே இல்லை. சின்னச் சோடியை அவளுக்குப் போட்டுவிட்டு, பெரிசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா அன்றைக்கு விட்ட ஏச்சு பக்கத்து டிவிசனுக்குக் கேட்டிருக்கும். "ஊருக்கெல்லாம் அலைஞ்சது ஒங்க காலு, அளவுச் சோடி அவளுக்கா?" அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அவளுக்குக் காலு புண்ணு. நம்ம புள்ள வளருவா."

சப்பாத்தின் நுனியில் அப்பா வீரகேசரிப் பேப்பரை மடித்து வைத்தார். அந்தச் சப்பாத்தோடுதான் நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மழை நாளில் பேப்பர் ஊறிவிடும், ராத்திரி எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைப்பார். நாட்டு நடப்பை என்னளவுக்குக் காலடியில் வைத்திருந்த பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது.

அப்பாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் தாத்தாவுக்கு இந்த நாட்டில் பேர் இல்லாமல் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். பெரியப்பா அந்தப் பங்கில் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். நீலகிரியில் போயும் தேயிலைதான். அப்பா இந்தப் பங்கு. எந்த நாட்டுக்காரர் என்று கடதாசியில் முடிவாகும் வரைக்கும் அவருக்கு நிச்சயமாக இருந்த ஒரே பேர் செக்ரோல் பேர்தான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் இருக்கிறது என்று சொல்லித்தானே நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம்? அப்பா நாற்பது வருடம் அந்தத் தூரைக் குனிந்து பார்த்தார். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல் வந்தபோது அவர் கத்தியை வைத்து வெகு நாளாகிவிட்டது.

ஆம்பளைகள் இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் குத்தினார். ஆமாம், அன்றைக்கு வெட்ட வேண்டிய கவ்வாத்துக் கணக்கு முடிந்தால் வந்துவிடலாம். அப்பாவும் வருவார். லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்சும் போட்டிருந்தார், அங்கே போவார். பீலியில் தண்ணி எடுப்பார். சரியாக அம்மா மலையிலிருந்து இறங்குகிற நேரத்துக்கு அடுப்பில் தண்ணி கொதிக்கும். அம்மா இஸ்தோப்பில் வந்து காலை நீட்டி உட்கார்வார். அப்பா கீழே குந்திக்கொண்டு, சவர்க்காரத் துண்டைத் தேய்த்து, அம்மாவின் காலில் ஒட்டியிருக்கும் அட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பேச்சே இருக்காது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக் கணக்குச் செய்வது பழக்கம். இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது திடீரென்று சவர்க்கார வாசம் வரும்.

இது தாயின் உழைப்பு அணிக்குப் போகுமா, தந்தையின் உழைப்பு அணிக்குப் போகுமா என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா போய்விட்டார். செத்த வீட்டுக்கு அந்த மாமாவும் வந்தார். நாங்கள் அவரை 'வலதுகால் மாமா' என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தார், மறைப்பானேன்? மகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாமா அப்பாவின் தலைமாட்டுக்குப் போகவே இல்லை. விடிய விடியக் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

கருமாதி முடிந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி, சங்கச் சந்தாத் துண்டு, அதற்கடியில் ஒரு கட்டு மிலாறு. அடுப்புக்குப் போட வேண்டிய குச்சியைப் பெட்டிக்குள் ஏன் வைத்திருக்கிறார் என்று தம்பி கேட்டான். எடுத்துப் பார்த்தேன். நூலால் மூன்று கட்டாகக் கட்டியிருந்தது, நாங்கள் மூன்று பிள்ளைகள். சின்னதிலிருந்து பெரிசு வரை, வருடத்துக்கு ஒன்று. என் கட்டில் ஒரு குச்சியைத் தேடி எடுத்தேன். அந்தத் தீபாவளிக் குச்சி, ஒரு பக்கம் அட்டன் மழையில் நனைந்த கறை அப்படியே இருந்தது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். இதோ முடித்துவிட்டேன் ஐயா, ஒரு நிமிடம்.

கட்டில் சேராமல் தனியாக ஒரு குச்சி கிடந்தது. எங்கள் மூன்று பேரின் குச்சியைவிடவும் நல்ல பழசு, கறுத்துப் போயிருந்தது. நீளம் எங்கள் யாருடைய காலுக்கும் சேரவில்லை. அம்மா மலைக்குப் போன வரைக்கும் வெறுங்காலோடு போனவர். அவருக்கு அப்பா சப்பாத்து வாங்கியதாக நாங்கள் பார்த்ததில்லை. அளந்துகொண்டு அட்டனுக்குப் போனாரா, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாரா, யாருக்கும் தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் அதை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா குச்சியைத் தரையில் போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அதன் பக்கத்தில் வைத்தார். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெருவெரலு ஒரு நெல்லளவு வெளிய நிக்குது. நா தூங்கறப்ப அளந்திருக்காரு. கால மடக்கிப் படுத்திருப்பேன்" என்றார்.